ஒத்தக்கால்ல நிக்க முடியல, விருட்சாசனம் (மரம் மாதிரி ஒத்தக்கால்ல நிக்கற யோகாசனம்) எப்படி பழகறது?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு, படி இறங்கும்போது தடுமாறுறாங்க, விருட்சாசனம் பண்ண சொன்னா 5 செகண்ட் கூட நிக்கல, தூக்கின பாதம் முட்டிலயே வந்து நின்னுடுது. என்ன பண்ணலாம்?

பதில்: பாதத்த முட்டியில வைக்கவே வேணாம்ங்க, பக்கவாட்டு அழுத்தம் அதுக்கு ஆகாது. அந்தக் கால் குதிகால நிக்கற காலோட கணுக்கால்ல சாய்ச்சு விரல் நுனி தரையில இருக்கட்டும், ஒரு கை சுவத்துல, கண்ணு எதிர்ல ஒரே புள்ளியில.

பதில்: அதுக்கு முன்னாடி உட்கட்டாசனம் பழக்குங்க தம்பி, தொடையில பலம் வந்தாதான் பேலன்ஸே வரும். பின்னாடி நாற்காலி போட்டு பாதி உக்கார்ற மாதிரி 3 மூச்சு, கால் நடுங்கும் பயப்படாதீங்க.

பதில்: பிபி மாத்திரை, தலைசுத்தல் இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. மெத்துனு இருக்கற மேட்ல வேணாம், வெறுந்தரையில வெறுங்கால்.

கேட்டவர்: இன்னிக்கு சுவத்த புடிச்சுட்டு 20 செகண்ட் நின்னாங்க, ரொம்ப நன்றிக்கா!