அம்மாவின் எலும்புப்புரைக்கு எந்த மருந்து? பக்கவிளைவையும் செலவையும் சேர்த்து எடைபோட உதவுங்கள்

கேள்வி: காவிரிக்கரை

வணக்கம். கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 67. அண்மையில் கொல்லைப்புறத்தில் துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்து, கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்திருப்பதால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் முதுகெலும்பில் மைனஸ் 3.1, இடுப்பில் மைனஸ் 2.6; மைனஸில் தாழத் தாழ எலும்பு பலவீனம் என்று பொருளாம். எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு ஏற்கெனவே அமுங்கியிருப்பதும் தெரிந்தது. ஒரு வருடமாகவே புடவைக் கொசுவம் தரையில் புரள்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். உயரம் குறைந்ததுதான் அதற்குக் காரணம் என்று இப்போது விளங்குகிறது.

வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் மாத்திரை, வருடம் ஒருமுறை டிரிப்பாக ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார் எங்கள் மருத்துவர். தஞ்சாவூரில் பார்த்த இன்னொரு மருத்துவரோ, தினமும் போட்டுக்கொள்ளும் டெரிபாராடைட் ஊசிதான் நல்லது என்கிறார். அதன் மாதச் செலவு அப்பாவின் ஓய்வூதியத்தில் பாதியை விழுங்கிவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, நெஞ்செரிச்சல் உண்டு, ஒரு கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டியிருக்கிறது. இந்த மருந்துகளால் தாடை எலும்பு அழுகிவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து, மருந்தே வேண்டாம், கேழ்வரகும் பாலும் போதும் என்று பிடிவாதமாக இருக்கிறார். அந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது? செலவை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

வணக்கம். மருந்தே வேண்டாம் என்ற முடிவுக்கும் ஒரு விலை உண்டு, அதிலிருந்தே தொடங்குகிறேன். மணிக்கட்டு முறிவும், அமுங்கிய முள்ளெலும்பும், இவ்வளவு தாழ்ந்த டி-ஸ்கோரும் சேர்ந்தவருக்கு அடுத்த முறிவு இடுப்பிலோ முதுகிலோ வருவதற்கான வாய்ப்பு கணிசமானது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஸ்கேன் காட்டுவதைவிட எலும்பு இன்னும் பலவீனமாகவே இருக்கும். இடுப்பு முறிந்தால் வரும் அறுவைச் சிகிச்சைச் செலவையும், அதன் பிறகு ஓர் ஆள் கூடவே இருக்க வேண்டிய நிலையையும் மருந்துச் செலவுக்கு எதிரே வைத்துப் பாருங்கள்.

கேழ்வரகும் பாலும் அவசியம்தான், ஆனால் அவை மருந்துக்கு மாற்று அல்ல. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம்தான் இருக்கிறது, அதுவும் முழுதாக உடலில் சேர்வதில்லை. எலும்பு கரையும் வேகத்தைச் சாப்பாட்டால் மட்டும் நிறுத்த முடியாது.

தாடை எலும்பு பாதிப்பு உண்மையில் உள்ளதுதான். ஆனால் அது அதிகம் காணப்படுவது, புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால் இதே வகை மருந்துகளை அதிக அளவில், மாதாமாதம் பெறுபவர்களிடம். எலும்புப்புரைக்கான அளவில் எடுத்துக்கொள்பவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவாகவோதான் வருகிறது. தொடை எலும்பு வழக்கத்துக்கு மாறான இடத்தில் முறிவதும் அரிதே. அந்த ஆபத்து ஆண்டுகள் கூடக் கூட ஏறுவதால், மாத்திரை என்றால் ஐந்து ஆண்டு முடிவிலும், டிரிப் என்றால் மூன்று ஆண்டு முடிவிலும் மருந்தைத் தொடர்வதா, இடைவெளி விடுவதா என்று மருத்துவர் மறுபரிசீலனை செய்வார். இடையில் தொடையிலோ கவட்டையிலோ காரணமில்லாத வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும். மறுபக்கம், 2007இல் வெளியான பெரிய ஆய்வில் மூன்று ஆண்டுகள் சோலெட்ரோனிக் அமிலம் பெற்ற பெண்களுக்கு முதுகெலும்பு முறிவு 70 விழுக்காடும், இடுப்பு முறிவு 41 விழுக்காடும் குறைந்தன.

செலவைப் பொறுத்தவரை, ஒரு ஊசியின் விலையைப் பார்க்காமல் சிகிச்சை முழுவதற்கும் ஆகும் தொகையைப் பாருங்கள். டெரிபாராடைட் எலும்பைப் புதிதாக வளர்க்கிறது. முள்ளெலும்புகள் பல அமுங்கியவர்களுக்கு அது மிகவும் பயன்படும். ஆனால் வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போடுவதில்லை, அதை நிறுத்தியதும் வேறொரு மருந்தைத் தொடராவிட்டால் வளர்ந்த எலும்பு கரைந்துவிடும். ஆகவே அதன் செலவோடு அடுத்த மருந்தின் செலவும் சேர்கிறது. பாதியில் நிறுத்த நேரும் என்று தோன்றினால் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சோலெட்ரோனிக் அமிலம் ஒரே மருந்தாக இருந்தும் கம்பெனிக்குக் கம்பெனி விலை பெரிதும் வேறுபடுகிறது. மருந்தின் மூலப்பெயரைச் சீட்டில் எழுதி வாங்கி, மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் கிடைக்குமா என்று கேளுங்கள். எலும்புப்புரைக்கு உரியது 5 மில்லிகிராம்; 4 மில்லிகிராம் குப்பி புற்றுநோய்ச் சிகிச்சைக்கானது.

இன்னும் ஒன்று. அம்மாவின் சர்க்கரை மாத்திரையில் பயோகிளிட்டசோன் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பல கூட்டு மாத்திரைகளில் மூன்றாவது பெயராக அது இருக்கும். பெண்களுக்கு எலும்பு முறிவு வாய்ப்பை அது கூட்டுகிறது என்பதால் மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

பதில்: திருச்சி அம்மா

தம்பி, உங்கள் அம்மாவின் வயதுதான் எனக்கும். நான் முதலில் வார மாத்திரைதான் எடுத்தேன். காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரைமணி நேரம் படுக்காமல், காபி உட்பட எதுவும் குடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்ததும் காபி குடித்தே பழகியவர்களுக்கு அந்த அரைமணி நேரம் பெரிது. சிலர் பொறுக்காமல் குடித்துவிடுவதால் மருந்து உடலில் சேராமலே போகிறது. எனக்கு நெஞ்செரிச்சல் அதிகமானதால் மருத்துவர் வருட டிரிப்புக்கு மாற்றினார்.

முதல் டிரிப் ஏற்றிய மறுநாள் காய்ச்சலும் உடம்பு முழுவதும் அடித்துப் போட்டதுபோல வலியும் வந்தன. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு நிறையத் தண்ணீர் குடித்தேன், இரண்டு மூன்று நாளில் சரியாகிவிட்டது. அடுத்த வருடம் அந்த அளவுக்கு இல்லை. அம்மாவிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அந்தக் காய்ச்சலையே காரணம் காட்டி அடுத்த ஆண்டு வரமாட்டேன் என்பார்.

பதில்: நெல்லைச் சீமை

டெனோசுமாப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் என் அத்தையின் அனுபவத்தைச் சொல்கிறேன். வசதியான ஊசி, சிறுநீரகம் ஓரளவு பழுதடைந்தவர்களுக்கும் போடலாம் என்பதால் அதைத்தான் தேர்ந்தெடுத்தோம். 2020 ஊரடங்கில் ஒரு தவணை தள்ளிப்போய், பிறகு யாரும் நினைவுபடுத்தாமல் விட்டுப்போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் அடுத்தடுத்து முள்ளெலும்புகள் அமுங்கி, எழுந்து உட்காரவே முடியாமல் போய்விட்டது. இந்த ஊசியின் வேலை தீர்ந்ததும், அதுவரை அடங்கியிருந்த எலும்புக் கரைவு முன்னைவிட வேகமாகத் திரும்புகிறது என்று பிறகுதான் எங்களுக்கு விளக்கினார்கள். முந்தைய ஊசியிலிருந்து ஏழு மாதம் தாண்டவே கூடாது. நிறுத்துவதென்றால் சோலெட்ரோனிக் அமிலம் போன்ற ஒன்றைக் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் அழைத்துச் செல்ல ஆளும் பணமும் பல ஆண்டுகளுக்கு உறுதியாக இருந்தால் மட்டுமே அதைத் தொடங்குங்கள்.

பதில்: பல் மருத்துவர்

அந்தக் கடைவாய்ப்பல்லை முதலில் பிடுங்கிவிடுங்கள். குழி ஆறி ஈறு மூடிய பிறகு டிரிப் ஏற்றுவதே நல்லது. பொதுவாகச் சில வாரங்கள் போதும். மற்ற பற்களையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். சிகிச்சை தொடங்கிய பிறகு பல் சுத்தம் செய்வதற்கோ சொத்தை அடைப்பதற்கோ தடையில்லை. எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் இந்த மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

காவிரிக்கரை

அனைவருக்கும் நன்றி. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், பயோகிளிட்டசோன் இருக்கிறது. அம்மாவிடம் திருச்சி அம்மா எழுதியதை வாசித்துக் காட்டினேன். பல் விஷயம் முடிந்ததும் டிரிப் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். அதற்கு முன் எந்தப் பரிசோதனைகளைக் கேட்க வேண்டும்?

பதில்: ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி ஆகிய மூன்று இரத்தப் பரிசோதனைகளும் கட்டாயம். கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்க்காமல், வயதையும் எடையையும் சேர்த்துச் சிறுநீரகத் திறனைக் கணக்கிடச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் இந்த டிரிப் கூடாது. வைட்டமின் டி குறைவாக இருந்தால் 60,000 யூனிட் வாரம் ஒன்றாகச் சில வாரங்கள் கொடுத்துச் சரிசெய்த பிறகே ஏற்ற வேண்டும், இல்லையென்றால் இரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும். முள்ளெலும்பு அமுங்கியிருப்பதால் தைராய்டு, பாராதைராய்டு சுரப்பிக் கோளாறு போன்ற வேறு காரணங்களையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். நெஞ்செரிச்சலுக்கு, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையை நெடுநாளாக எடுக்கிறார் என்றால் கால்சியம் சிட்ரேட் வகையைக் கேளுங்கள்; கார்பனேட் வகை செரிக்க வயிற்றில் அமிலம் வேண்டும். டிரிப் குறைந்தது 15 நிமிடமாவது மெதுவாக இறங்க வேண்டும், அன்று காலையிலிருந்தே அம்மா தண்ணீர் நன்றாகக் குடித்திருக்க வேண்டும். ஏற்றிய தேதியையும் குப்பியில் உள்ள மருந்துப் பெயரையும் அவருடைய சர்க்கரை நோட்டிலேயே குறித்து வையுங்கள்.