இதய வெளியீடா, நிமிட இறைப்பா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவான 'கார்டியாக் அவுட்புட்'டுக்கு 'இதய வெளியீடு' போதும், பழகிய சொல்தானே என்று எழுதியிருந்தீர்கள். நாகர்கோவிலில் நர்சிங் மாணவிகளுக்கு ஐசியூ பாடம் எடுக்கிற எனக்கு அதில் ஒரு சங்கடம். சார்ட்டில் மணிக்கொரு தரம் எழுதும் மூத்திர அளவும் 'அவுட்புட்'தான். இரண்டையும் 'வெளியீடு' என்றால் எது 50 மில்லி, எது 5 லிட்டர்? (புத்தக வெளியீட்டு விழாவை விட்டுவிடுவோம்.)

என் பரிந்துரை 'நிமிட இறைப்பு'. ஒரு துடிப்பில் போவது 'துடிப்பிறைப்பு'. அது 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 4.9 லிட்டர். சொல்லுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது.

நீங்கள் கேட்ட 'பாய்ச்சல்' எனக்கு ஒட்டவில்லை. மடையைத் திறந்தால் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும், அது பாய்ச்சல். மேட்டு விளைக்குக் கிணற்றிலிருந்து எடுத்து விட்டால் இறைப்பு. இதயம் செய்வது இரண்டாவது வேலை.

நிமிட இறைப்பை அளக்கும் முறைகளுக்கு வருவோம். 'தெர்மோடைல்யூஷ'னை 'வெப்ப நீர்த்தல்' என்றால் வெந்நீர் ஊற்றுவதாக நினைத்துவிடுவார்கள். இதயத்தின் வலப்பக்கத்துக்குள் குழாய் வழியே போவதோ குளிர்ந்த உப்புநீர். அது ரத்தத்தோடு கலந்து, இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் நுரையீரல் தமனியில் வெப்பம் எவ்வளவு இறங்கி எப்படி மீள்கிறது என்று பார்க்கிறோம். 'குளிர்க்கலப்பு முறை' எனலாமா? இதயத்தின் வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மூவிதழ் வால்வு ஒழுகினால் இதை நம்ப முடியாது, அது வேறு விஷயம்.

எக்கோவில், அதாவது இதயத்தை ஒலியலையால் பார்க்கும் ஸ்கேனில், நடப்பது வாய்க்கால் கணக்கு: ரத்தம் வெளியேறும் வழியின் குறுக்குப் பரப்பு, அதில் ரத்தம் ஓடும் வேகம். அங்கே 'ஓட்டம்' என்ற சொல் சரி. அந்த வழியின் விட்டத்தை 2 சென்டிமீட்டருக்குப் பதில் 2.2 என்று எடுத்தால் விடை 21 சதவீதம் ஏறிவிடும். தமனியின் அழுத்த அலையிலிருந்து கணிக்கும் முறைக்கு 'அலைக்கணிப்பு' என்று வைத்திருக்கிறேன். ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலினைக் கூட்டிக் குறைத்தால் ரத்தக்குழாயின் இறுக்கம் மாறும், கணிப்பும் தடுமாறும். 'அளவீடு' என்று சொல்ல மனசு வராததற்கு அதுதான் காரணம்.

எனக்கு முட்டுகிற இடம் இது. ஒரே நோயாளியை இரண்டு முறைகளில் அளந்தால் இரண்டு விடைகளும் சேர்ந்தே ஏறி இறங்கலாம், ஆனால் ஒன்று எப்போதும் 1 லிட்டர் கூடுதலாகக் காட்டலாம். சேர்ந்து ஏறி இறங்குவதற்கு ('கோரிலேஷன்') 'ஒட்டுறவு' என்று புள்ளியியல் பாடநூலில் சொல் இருக்கிறது. புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் வலியுறுத்தியது, ஒட்டுறவை மட்டும் பார்த்து ஒரு முறைக்குப் பதில் இன்னொன்றை வைக்கக் கூடாது, இரண்டின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான். இரண்டு முறைகளின் விடைகளும் ஒத்துப்போகும் அந்த 'அக்ரிமென்ட்'டுக்கு என் கையில் இருப்பது 'இணக்கம்' ஒன்றே. பஞ்சாயத்து வாடை அடிக்கிறது. உங்களிடம் வேறு சொல் உண்டா அண்ணாச்சி?