பாஸ்போ ஆன்டிபாடி (பாஸ்பேட் ஏறிய புரோட்டீனை மட்டும் பிடிக்க வேண்டிய ஆன்டிபாடி) உங்களை ஏமாற்றிய அனுபவம் உண்டா?

கடைசி லேன்:
ஒரு வருடம் ஆகியும் மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். வெஸ்டர்ன் பிளாட்டில் பாஸ்போ ஏகேடி, அதாவது ஏகேடி என்ற புரோட்டீனின் செரின் 473-இல் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆன்டிபாடி முயல் பாலிகுளோனல், முயல் ரத்தத்திலிருந்து எடுத்த பல ஆன்டிபாடிகளின் கலவை. பழைய ட்யூப் தீர்ந்து புது லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்திருந்தது. இன்சுலின் கொடுத்த செல், கொடுக்காத செல், வோர்ட்மானின் போட்டு, ஏகேடியைத் தூண்டும் பிஐ3கே என்சைமை அடைத்த செல் என்று ஜெல்லில் மூன்று லேன். 60 கிலோடால்டனில் ஒரே ஒரு பேண்ட், பின்னணி துடைத்துவிட்ட மாதிரி. என் கையால் அவ்வளவு அழகான பிளாட் அதுவரை வந்ததில்லை. இன்சுலின் லேனில் மட்டும் தடித்திருக்க வேண்டிய பேண்ட் மூன்று லேனிலும் ஒரே அளவு இருந்ததுதான் இடித்தது. சரி, வோர்ட்மானின் மீடியத்தில் சீக்கிரம் கெட்டுப்போகும், செல்களையும் ஒழுங்காகப் பட்டினி போட்டிருக்கமாட்டேன் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் அப்படியே ஓடியது.

அப்புறம் ஒரு நாள் லைசேட்டில், அதாவது செல்லை உடைத்து எடுத்த சாற்றில், பாஸ்பேட்டைக் கழற்றும் லாம்டா பாஸ்படேஸ் என்சைமைப் போட்டு ஓட்டினேன். பாஸ்பேட் கழன்றால் பேண்ட் மறைய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. படம் திரையில் மெல்ல மெல்ல ஏறுகிறது. கடைசி லேனில் அதே பேண்ட், அதே கறுப்பு, ஒரு இழை குறையாமல் நிற்கிறது. அந்த லேனைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. இரண்டு மாதமாக நான் அளந்தது ஏகேடியே இல்லை. வேறு ஏதோ ஒரு புரோட்டீன், அதே எடையில்.

நள்ளிரவு ஜெல்:
அவசரப்பட்டு ஆன்டிபாடி மேல் பழி போடாதீர்கள். உங்கள் லைசேட்டில் வனடேட், ஃப்ளூரைடு என்று பாஸ்படேஸ் தடுப்பான்கள் எல்லாம் இருந்திருக்குமே? இடிடிஏவும் இருந்திருக்கும். லாம்டா பாஸ்படேஸுக்கு மாங்கனீஸ் வேண்டும், அதை இடிடிஏ பிடித்துக்கொள்ளும். என்சைம் வேலையே செய்யாமல் இருந்திருந்தால் பேண்ட் எப்படிப் போகும்?

கடைசி லேன்:
நானும் முதலில் அதையே நினைத்தேன் நண்பரே. தடுப்பான் எதுவும் போடாமல், இடிடிஏ இல்லாமல் புதிதாக லைசேட் எடுத்து, 30 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தேன். அதே சாம்பிளை இன்னொரு மெம்பிரேனில் பாஸ்போ ஈஆர்கே-வுக்கு (பாஸ்பேட் ஏறும் வேறொரு புரோட்டீன்) பார்த்தேன். 44, 42 கிலோடால்டன் இரண்டு பேண்டும் சுத்தமாகக் காணோம். என்சைம் நன்றாகத்தான் வேலை செய்தது. ஏகேடி என்று நான் நம்பியது மட்டும் அப்படியே இருந்தது.

ஐந்தாவது நிமிடம்:
எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். ஆன்டிபாடி சரியாக இருந்தது, நான்தான் சரியில்லை. பாஸ்போ ஈஆர்கே, அதைத் தூண்டும் இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்து 0, 5, 15, 30 நிமிடம். பூஜ்ஜிய லேன் ஐந்து நிமிட லேனை விடப் பளிச்சென்று இருந்தது. ஆன்டிபாடி மோசம் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். நான் பிளேட் எடுப்பதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சீனியர் அக்கா, "பூஜ்ஜியப் பிளேட்டுக்கு மட்டும் ஏன் இப்போது மீடியம் மாற்றினாய்?" என்று கேட்டார். மற்ற பிளேட்டுகளுக்கு முந்தின இரவே மாற்றியிருந்தேன். இதற்கு மறந்துபோய், கடைசி நேரத்தில் புது மீடியம் ஊற்றி லைசிஸ் செய்திருக்கிறேன். ஊற்றுகிற வேகமே ஈஆர்கே-வை எழுப்பிவிடப் போதும். அவர் அந்தக் கேள்விக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

பழைய பைப்பெட்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பாஸ்போ ஆன்டிபாடிக்குப் பால் பவுடரில் பிளாக்கிங் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மெம்பிரேனை மூடுவது) செய்யவே கூடாது. பாலில் இருக்கும் கேசீன் தானே ஒரு பாஸ்போ புரோட்டீன். 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்) போடுங்கள். வனடேட்டைப் பிஎச் 10-இல் கொதிக்கவைத்து, மஞ்சள் போய் நிறமில்லாமல் ஆகும்வரை திருப்பித் திருப்பிச் செய்து வையுங்கள், இல்லாவிட்டால் அது தடுப்பானே இல்லை. செல்லை ஐஸ் மேல் வைத்து லைசிஸ் செய்யுங்கள். டோட்டல் ஏகேடி (பாஸ்பேட் ஏறியது, ஏறாதது எல்லாம் சேர்த்து) பார்க்க மெம்பிரேனை ஸ்ட்ரிப் செய்து முதல் ஆன்டிபாடியைக் கழற்றுகிறீர்களா? அதை நம்பாதீர்கள், பழைய சிக்னல் மிச்சமிருக்கும். இரண்டு ஜெல் ஓட்டுங்கள். 2015-இல் நேச்சர் இதழில் பிராட்பரியும் ப்ளூக்தனும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு எழுதியது இதைத்தான்: மரபணு வரிசை தெரிந்த, அதை வைத்தே ஆய்வகத்தில் செய்யும் மறுசேர்க்கை ஆன்டிபாடிக்கு மாறுங்கள் என்று. பாலிகுளோனல் என்றால் ஒரு முயல் போனால் அதோடு அந்த ஆன்டிபாடியும் போயிற்று. புது லாட் என்றால் அது புது ஆன்டிபாடி. என் அனுபவம் என்று தனியாக ஒன்றும் இல்லை, ஒரு தடவை பாலில் பிளாக் செய்து பேண்ட் மங்கலாக வந்தது.

நள்ளிரவு ஜெல்:
பால் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நல்ல பாஸ்போ ஆன்டிபாடி பாஸ்பேட்டை மட்டும் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் அமினோ அமிலங்களையும் சேர்த்துத்தான் பார்க்கும். கேசீன் அதற்குப் பொருந்தாது. பாலில் அருமையாக வரும் பாஸ்போ ஆன்டிபாடிகளும் உண்டு. ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி மாறும், இரண்டிலும் ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

மூன்று நாள் வெள்ளை:
சண்டைக்கு நடுவே என் பங்கு. செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடித்துச் சிக்னல் தரும் இரண்டாவது ஆன்டிபாடி) கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று புத்திசாலித்தனமாக அதில் அசைடு போட்டு வைத்தேன். மூன்று நாள், மூன்று மெம்பிரேன், மூன்றும் வெள்ளை. அந்தச் சிக்னலைத் தரும் எச்ஆர்பி என்சைமை அசைடு அடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறேன்கூட.

கண்ணாடித்தட்டு:
@கடைசி லேன், ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய அந்தப் புரோட்டீன் துண்டை, பெப்டைட்டை, கலந்து சோதிக்கவில்லையா? எங்களிடமும் 473 பாலிகுளோனல் இருக்கிறது. பெப்டைட் கலந்ததும் பேண்ட் மறைந்தது, நாங்கள் நிம்மதியாக இருக்கிறோம்.

கடைசி லேன்:
செய்தேன், மறைந்தது. அதனால்தான் இரண்டு மாதம் போயிற்று. பெப்டைட் ஆன்டிபாடியின் வாயை அடைத்துவிடுகிறது, அப்புறம் அது சரியான புரோட்டீனையும் பிடிக்காது, தப்பான புரோட்டீனையும் பிடிக்காது. ஏகேடி இல்லாத செல் கிடைத்தால் அதில் பாருங்கள்.

கண்ணாடித்தட்டு:
அடடா. லாட் எண் சொல்ல முடியுமா? எங்கள் ட்யூபோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கடைசி லேன்:
இப்போதுதான் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். யாரோ ட்யூபை ஆல்கஹால் போட்டுத் துடைத்திருக்கிறார்கள், எண் அழிந்துவிட்டது. மூடியில் என் கையெழுத்தில் "சூப்பர்" என்று எழுதியிருப்பது மட்டும் தெரிகிறது.