எழுத்து பெரிதானது, புள்ளி காணாமல் போனது

வைகைக்கரை:
கணினித் திரையில் எழுத்தைப் பெரிதாக்குவது பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். தங்கையின் கல்யாணப் பத்திரிகை கட்டுக் கட்டாக அச்சாகி வந்துவிட்டது. பிரித்தால் 'திருநிறைசசெல்வி'! முதல் ச-வுக்குப் புள்ளி இல்லை. அச்சகத்தில் போய்ப் பார்த்தேன். 1920 x 1080 பிக்சல் (திரையின் மிகச் சிறிய ஒளிக்கட்டம்) மானிட்டரை 1280 x 720-இல் வைத்திருந்தார்கள். "பொடி எழுத்து தெரியவில்லை சார், அதனால்தான் பெரிதாக்கினேன்" என்றார் தட்டச்சு செய்பவர். பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறை. ச எது, ச் எது என்று எனக்கே பிடிபடவில்லை. ஸ்கேலிங் (எழுத்தையும் பொத்தான்களையும் சதவீதக் கணக்கில் பெரிதாக்கும் அமைப்பு) என்றாலே இப்போது எரிச்சல் வருகிறது.

கணக்கர்:
எனக்கு நேர்ந்தது வேறு. 1366 x 768 லேப்டாப். மேலாளர் சொல்லி ஸ்கேலிங்கை 125 சதவீதம் ஆக்கினோம். பழைய கணக்கு மென்பொருளின் படிவம் 700 பிக்சல் உயரம், 875 ஆகிவிட்டது. மார்ச் 31 மாலை எல்லாவற்றையும் நிரப்பி முடித்தால், 'சேமி' பொத்தான் திரைக்குக் கீழே எங்கோ கிடக்கிறது. ஆல்ட், ஸ்பேஸ் சேர்த்து அழுத்தி, பிறகு எம் தட்டி, அம்புக்குறியால் ஜன்னலை மேலே தள்ளினேன். டாஸ்க்பாருக்கு மேல் பொத்தானின் விளிம்பு மட்டும் நூலளவு எட்டிப்பார்த்தது. அதில்தான் கிளிக் செய்தேன். மேலாளர் பின்னால் நின்று "இன்னுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய மானிட்டர்:
வைகைக்கரை, ஸ்கேலிங்கை ஏன் திட்டுகிறீர்கள்? அச்சகத்தில் மாற்றியது ரெசல்யூஷன், அதாவது படத்தை எத்தனை பிக்சலில் காட்டுவது என்ற அளவு. எல்சிடி திரையில் பிக்சல்கள் நிரந்தரமாகப் பதிந்தவை. 1280-ஐ 1920-இல் பரப்பினால் ஒன்றுக்கு ஒன்றரை வரும். அரைப் பிக்சல் எரியாது, பக்கத்து நிறத்தைக் கலந்து ஒப்பேற்றும். புள்ளி அங்கேதான் செத்தது. என் கதை ஒரு வரிதான்: ஸ்கேலிங் கூடுதலாக வைத்த 4கே (மிக அதிகப் பிக்சல்) மானிட்டரிலிருந்து லேப்டாப் திரைக்கு ஜன்னலை இழுத்தால், பாதி தாண்டும்வரை பூதாகரமாக நின்று, பொசுக்கென்று சுருங்கும்.

எல்லோரும் செய்ய வேண்டியது: ரெசல்யூஷனை 'ரெக்கமண்டெட்' என்று காட்டுவதிலேயே விட்டுவிடுங்கள். எழுத்து சிறிதென்றால் ஸ்கேலிங்கை மட்டும் ஏற்றுங்கள். திரைக்குத் திரை தனி அளவு வைக்கும் வசதி 2013-இல் விண்டோஸ் 8.1-லேயே வந்துவிட்டது. பழைய மென்பொருள் மங்கினால் அதன் ஐகானில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ஹை டிபிஐ அமைப்பு. அங்கே 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' கொடுங்கள். கணக்கரும் இதையே செய்திருக்கலாம்.

மேடைக்காரன்:
ரெசல்யூஷன் மாற்றியதும் புரொஜெக்டர் இருண்டுவிட்டால் தயவுசெய்து வயரைப் பிடுங்காதீர்கள். 15 விநாடி சும்மா இருந்தால் விண்டோஸ் தானே பழைய அளவுக்குத் திரும்பும். எங்கள் ஆண்டுவிழாவில் எட்டாவது விநாடியிலேயே ஒருவர் பிடுங்கிவிட்டார்.

கணக்கர்:
பழைய மானிட்டர் அவர்களே, எனக்கு மங்கல் பிரச்சினையே இல்லை. பொத்தான் திரைக்குள் வரவில்லை என்பதுதான் பிரச்சினை. நீங்கள் சொன்ன அமைப்பு எழுத்தைக் கூர்மையாக்கும், ஜன்னலின் உயரத்தைக் குறைக்காது. 875 அப்போதும் 875தான்.