0.051-ஐ வச்சுக்கிட்டு "நிரூபிச்சாச்சு"ன்னு சொல்றவங்களுக்கு

வெயில்காயி: பக்கத்து இழையில ஒருத்தர் "சன்ஸ்கிரீன் மெலனோமாங்கற தோல் புற்றைத் தடுக்கும், ஆஸ்திரேலியாவுல நிரூபிச்சாச்சு"ன்னு அடிச்சு விட்டிருக்கார். அவர் சொல்ற ஆய்வு நடந்தது குயின்ஸ்லாந்துல நாம்பூர் ஊர்ல, 1992ல, 1621 பேரை வச்சு. ஒரு பாதி தினமும் தலை, கழுத்து, கைகள்ல பூசணும், மறுபாதி இஷ்டம்போல. 1996ல முடிச்சு, அப்புறம் பத்து வருஷம் எண்ணினாங்க. தினமும் பூசின பாதியில மெலனோமா 11 பேருக்கு, மறுபாதியில 22 பேருக்கு. களிம்பால பலனே இல்லாட்டியும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வர்ற வாய்ப்பு, அதான் பி மதிப்பு, 0.051. அதுக்குக் கீழ வரணும்னு ஆய்வாளர்கள் வச்சிருக்கற கோடு 0.05. தாண்டலை சாமி.

மச்சக்காரன்: 0.001க்கு இவ்வளவு கூச்சலா? மேல்தோலைத் தாண்டி உள்ள இறங்கின மெலனோமா மட்டும் 3க்கு 11, பி 0.045. அதை ஏன் முழுங்கினீங்க?

வெயில்காயி: மொத்தமே 14 கேஸ். பூசினவங்க அபாயம் மத்தவங்களோடதுல எத்தனை பங்குங்கறதுக்கான நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) 0.08லேர்ந்து 0.97 வரைக்கும்; 1ன்னா வித்தியாசமே இல்ல. மயிரிழையில தப்பிச்சதைக் கொண்டாடுங்க. அது பேசல் செல், ஸ்குவாமஸ் செல்ங்கற வேற தோல் புற்றுகளுக்காகப் போட்ட ஆய்வு; மெலனோமா பிற்பாடு எண்ணினது. 0.051.

மச்சக்காரன்: மறுபாதிக்குப் போலிக் களிம்பு கொடுக்கலை, அவங்களும் சொந்தமாப் பூசிக்கிட்டாங்க. களிம்பும் வெறும் எஸ்.பி.எஃப் (வெயிலைத் தடுக்கற அளவு) 16. வித்தியாசம் சுருங்கித்தான் தெரியும். இது ஏறலைன்னா நான் என்ன பண்ண?

வெயில்காயி: சுருங்கினது எவ்வளவுன்னு அளந்தீங்களா? 0.051.

பனைநிழல்: நம்ம தோலுக்கு இந்தச் சண்டையே வெட்டி. நமக்கு மெலனோமா வர்றது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. அங்க வெயிலுக்குப் பெரிசா வேலையில்ல. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில 1977ல கண்டுபிடிச்சாங்க, 1981ல போயிட்டார். ஒரே நகத்துல கருங்கோடு அகலமாகி, நகத்தை ஒட்டின தோலுக்கும் கருமை ஏறினா பயாப்ஸிக்குப் போங்க. ஆணி, நகச்சுத்துன்னு மாசக்கணக்குல மருந்து போட்டுத்தான் கெடுக்கறாங்க.

வெயில்காயி: தலைப்பைப் படிச்சீங்களா? நகத்துக்குத் தனி இழை போடுங்க.

பனைநிழல்: இழை உங்க தாத்தா சொத்தா?

மச்சக்காரன்: விடுங்க, சோலாரியம் (தோலைக் கருக்க வைக்கற புற ஊதா விளக்கு) இழையிலயும் இவர் இப்படித்தான். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009ல அதை முதல் வகுப்புல, அதாவது புற்று உண்டாக்கறது உறுதின்னு, வச்சப்பவும் "கேஸ் எத்தனை"ன்னாரு. சன்ஸ்கிரீன்னா சதுர செ.மீ.க்கு 2 மில்லிகிராம் பூசணும், உடம்பு முழுக்க 30 மில்லிக்கு மேல. ஜனங்க அதுல பாதிகூடப் பூசறதில்ல. பூசாம விட்டுட்டு களிம்பைத் திட்டறது.

வெயில்காயி: பேர்லயே மச்சம் வச்சிருக்கீங்க, முதல்ல எண்ணுங்க. நூறுக்கு மேல இருந்தா அபாயம் ஏழு மடங்கு வரைக்கும். அதுக்குக் களிம்பு கிடையாது. அப்புறம், 0.051.

மச்சக்காரன்: 0.045.

வெயில்காயி: 14 கேஸ்.