புதுப்பிப்பு: கடைசியில் சைகோன் போய்விட்டு வந்தாச்சு

வெளிநாட்டில் செலவு கம்மியான பெருநகரம் எது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாங்காக், கோலாலம்பூர் என்று ஆளுக்கொன்று சொன்னீர்கள். சரி என்று நானும் மச்சினனும் பாளையங்கோட்டையிலிருந்து திருச்சி போய், நேராக வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்கு விமானம் ஏறினோம். பழைய சைகோன்தான். மின்விசா 25 டாலர். 2024 டிசம்பரில் திறந்த மெட்ரோ, பென் தான் சந்தையருகே தொடங்குகிறது. பக்கத்திலேயே மாரியம்மன் கோயில். மச்சினன் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தான்.

ஒன்று மட்டும் கவனம். 20,000 டாங் நோட்டும் நீலம், 5 லட்சம் டாங் நோட்டும் நீலம். தெருவோரத்தில் மில்க்மெய்டு ஊற்றிய ஐஸ் காபிக்குப் பெரியதை நீட்டிவிட்டேன். கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார்.

"அத்தான், நமக்கு நாமளே அல்வா கொடுக்கப் பாத்தியளே!" என்றான். அப்புறம் பெரிய நோட்டெல்லாம் அவன் பைக்குப் போய்விட்டது.