மறு: ஃபிரான்டியருக்கு ‘எல்லை’ போதாதா?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க வரலாறு பற்றிய என் கட்டுரைக்காக ஃபிரான்டியர் (frontier) என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டவன் நான்தான், ஆனால் பேச்சு சொல்லை விட்டு எங்கேயோ போய்விட்டது. நேற்று இரவு ஐயா எழுதியது இது:

> அமெரிக்காவின் வயது 250 வருஷம். ராஜா கிடையாது, சிலுவைப் போர் கிடையாது, பக்கத்துப் பக்கத்தில் பத்து நாடு கிடையாது. ஐரோப்பிய வரலாற்றின் சுவாரசியத்தில் பாதிகூட அதில் தேறாது. அதற்குப் போய்த் தனிச்சொல் தேடுவானேன்? எல்லை என்று எழுதிவிட்டுப் போங்கள்.

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. எல்லை என்று எழுதுவதால்தான் அந்த வரலாறு உங்களுக்குச் சப்பென்று தெரிகிறது என்பது என் கட்சி.

முதலில் ஐரோப்பாவையே எடுத்துக்கொள்கிறேன், அங்கே எல்லை என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. 1659-இல் பிரான்சும் ஸ்பெயினும் பிரனீஸ் மலையை வைத்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. மறு வருஷம் செர்தான்யா என்ற மலைப் பள்ளத்தாக்கைப் பங்கு பிரிக்க உட்கார்ந்தபோது 33 கிராமங்கள் பிரான்சுக்கு என்று முடிவானது. யீவியா என்ற ஊர் வந்ததும் ஸ்பெயின் தரப்பு குறுக்கே பாய்ந்தது: இது கிராமமே இல்லை, நகரம், அந்த அந்தஸ்து எப்போதோ கொடுத்தாகிவிட்டது, ஆகவே கிராமக் கணக்கில் சேராது. வாதம் ஜெயித்தது. இன்றைக்கும் யீவியா நாலாபுறமும் பிரான்ஸ் சூழ்ந்த ஸ்பெயின் துண்டு. ஓர் ஊரைக் கிராமம் என்பதா நகரம் என்பதா என்ற சொல் சண்டையில் ஒரு நாட்டின் வரைபடத்தில் ஓட்டை விழுந்து, 360 வருஷத்துக்கு மேலாகியும் யாரும் அதைத் தைக்கவில்லை என்றால், நம்மைப் போன்ற ஆட்களுக்கு இதைவிட இனிக்கிற கதை உண்டா? இந்த வகையில் ஐரோப்பாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பாருங்கள், இந்த எல்லைக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. இரண்டு பக்கமும் அரசு உண்டு, எதிர்த் தரப்பும் அரசுதான் என்று இருவருமே ஒப்புக்கொள்வார்கள், நடுவே கோடு. அல்சாஸ் 1871-இல் ஜெர்மனிக்கு, முதல் உலகப் போர் முடிந்ததும் பிரான்சுக்கு, 1940-இல் மறுபடி ஜெர்மனிக்கு, 1945-இல் மறுபடி பிரான்சுக்கு என்று கோடு ஆடலாம். ஆடினாலும் கோடு கோடுதான்.

அமெரிக்கர்கள் ஃபிரான்டியர் என்று சொன்னது வேறு சரக்கு. அவர்களுடைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதற்கு அளவுகோலே வைத்திருந்தது: சதுர மைலுக்கு 2 பேர். அதற்குக் குறைந்தால் குடியேறாத நிலம். வரைபடத்தில் இரண்டையும் பிரித்து ஒரு கோடு ஓடும், அடுத்த கணக்கெடுப்புக்குள் அந்தக் கோடு மேற்கே இன்னும் தள்ளிப் போயிருக்கும். 1890 கணக்கெடுப்பில் குடியேற்றங்கள் அங்கங்கே தெறித்துக் கிடந்ததால், இனிமேல் கோடு என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்று அறிவித்துவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த வரலாற்றாசிரியர் கூட்டத்தில் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர், அப்போது அவருக்கு 31 வயது, அமெரிக்காவை அமெரிக்காவாக்கியதே இந்த நகர்கிற விளிம்புதான் என்று கட்டுரை வாசித்தார். அதே கட்டுரையில் அவரே பிரித்துச் சொல்கிறார்: ஐரோப்பாவின் ஃபிரான்டியர் நெருக்கமாக ஜனங்கள் வாழ்கிற இடத்துக்கு நடுவே அரண் போட்டு ஓடுகிற கோடு, எங்களுடையது சும்மா கிடக்கிற நிலத்துக்கு இந்தப் பக்கத்து ஓரம். சொந்தக்காரரே ஒரு சொல், இரண்டு பொருள் என்று சொன்ன பிறகு நாம் இரண்டுக்கும் ஒரே எல்லையைக் கட்டி அழுவது நியாயமா?

டர்னரின் ‘சும்மா கிடக்கிற’ என்பதுதான் வில்லங்கம். அங்கே ஆள் இருந்தார்கள். சதுர மைலுக்கு இத்தனை பேர் என்று எண்ணியபோது வரி கட்டாத பூர்வகுடிகளை எண்ணவில்லை, அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், எண்ணிக்கையில் இல்லாத அதே மக்களோடு அமெரிக்க அரசு 1871 வரை 360-க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் போட்டிருக்கிறது. காலி நிலத்தோடு யாராவது ஒப்பந்தம் போடுவார்களா? 1868-இல் லாரமி கோட்டையில் கையெழுத்தான ஒப்பந்தப்படி பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி லகோட்டா மக்கள் உள்ளிட்ட சியூ இனத்தாருக்கு. 1874-இல் அங்கே தங்கம் தெரிந்தது, 1877-இல் மலை போய்விட்டது. நூறு வருஷம் கழித்து, 1980-இல் உச்ச நீதிமன்றமே அது முறையற்றது என்று சொல்லி வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அவர்கள் அந்தப் பணத்தைத் தொடவில்லை, மலைதான் வேண்டும் என்கிறார்கள். யீவியாவில் ஒரு சொல் 360 வருஷம் தாங்குகிறது, இங்கே ஒரு முழு ஒப்பந்தம் ஒன்பது வருஷம் தாங்கவில்லை. ராஜா ராணி இல்லாவிட்டாலும் இந்தக் கதைக்கு விறுவிறுப்பு குறைவு என்று என்னால் சொல்ல முடியாது. வழக்கு இன்னும் மனதளவில் முடியவில்லை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘எல்லைப்புறம்’ நல்ல சொல், ஆனால் வடமேற்கு எல்லைப்புற மாகாணம் அதை எப்போதோ எடுத்துக்கொண்டது, கான் அப்துல் கபார் கானுக்கு எல்லை காந்தி என்ற பட்டமும் அந்த வழியில் வந்ததுதான். ‘கன்னிநிலம்’ வேண்டவே வேண்டாம், டர்னர் செய்த தவறையே நாம் தமிழில் செய்வோம். ‘நகரெல்லை’ என்று ஒரு நண்பர் வினைத்தொகையாக எழுதியிருந்தார், படிக்கிறவர் மாநகராட்சி எல்லை என்றுதான் நினைப்பார். நான் முதலில் யோசித்த ‘குடிமுனை’யை என் மனைவியிடம் சொன்னேன், எந்தத் தெருவில் என்று கேட்டாள். ஆகவே என் பரிந்துரை: படர்முனை. படர்ந்த, படர்கிற, படரும் என்று மூன்று காலத்துக்கும் நிற்கும். முனை என்றால் போர்முனையும் காதில் விழும்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்

---

தம்பி,

கோபம் ஒன்றுமில்லை. யீவியா கதையை முப்பது வருஷம் வகுப்பெடுத்த நானே கேள்விப்பட்டதில்லை, அதற்கு நன்றி.

ஆனால் படர்முனையில் எனக்கு ஓர் உறுத்தல். பூசணிக்கொடி படரும், யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். செய்தவன் யார் என்பதைச் சொல் மறைக்கிறது. கரிகாலனைப் பாடும்போது பட்டினப்பாலை ‘காடு கொன்று நாடாக்கி’ என்கிறது, கொன்று என்ற வினையைப் பார்த்தீர்களா, செய்தவன் அதில் ஒளிந்துகொள்ள முடியாது. அதற்கு முன்னால் இருக்கிற அடிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: புன்பொதுவர் வழி பொன்ற, இருங்கோவேள் மருங்கு சாய. முதலில் இடையர் வம்சம் அழிகிறது, சிற்றரசனான வேள் சாய்கிறான், அப்புறம்தான் காடு நாடாகிறது. வரிசையை அந்தப் புலவர் மாற்றவில்லை. நீங்கள் தேடுகிற பொருள் அங்கேயே இருக்கிறது என்பேன். ‘நாடாக்கு முனை’ என்று வைத்தால் என்ன?

அமெரிக்க வரலாறு சுவாரசியமா என்பதில் அரை மனதோடு இறங்கி வருகிறேன். முழு மனது ஆக இன்னும் இரண்டு மலை வேண்டும்.

---

ஐயா,

வரிசையைப் பற்றிச் சொன்னீர்களே, அதை அப்படியே கட்டுரையின் முதல் பத்தியில் எடுத்துக்கொள்கிறேன், அனுமதி உண்டுதானே?

‘நாடாக்கு முனை’யில் எனக்கு ஒரு தயக்கம். காடாக இருந்ததைத்தான் நாடாக்க முடியும், அங்கே ஏற்கெனவே நாடுகள் இருந்தன. அப்புறம், படர்வது கொடி மட்டுமில்லை. நெருப்பும் படரும், நோயும் படரும். 1837-இல் மிசூரி ஆற்றங்கரையில் மான்டன் என்ற பூர்வகுடி மக்களை அம்மை ஏறக்குறையத் துடைத்தெடுத்தபோது அந்தப் பக்கம் உழவர்கள் யாரும் குடியேறியிருக்கவில்லை, தோல் வியாபாரிகளின் நீராவிப் படகில் நோய் வந்து இறங்கியது. குடியேறுகிறவனுக்கு முன்னாலேயே முனை போய்விடுகிறது. இதற்குப் படர் சரியாக உட்காருகிறது. பழைய தமிழில் படருக்குத் துன்பம் என்றும் பொருள், குறளில் படர்மெலிந்திரங்கல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இது நான் திட்டமிட்டதில்லை, உங்கள் மடலைப் படித்த பிறகு அகராதியைப் புரட்டியபோது கிடைத்தது.

கட்டுரை ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். அதற்குள் யாரும் மறுக்காவிட்டால் முதல் இடத்தில் ‘படர்முனை எனப்படும் ஃபிரான்டியர்’ என்றும் பிறகு வெறும் படர்முனை என்றும், ஐரோப்பா வரும் இடங்களில் எல்லை என்றும் எழுதிவிடுகிறேன். படர்முனையர் என்று குடியேறிகளைச் சொல்லலாமா என்று இப்போதே கேட்காதீர்கள், அதற்கு வேறு இழை.